சீசன் வீட்டில் ஒரு கணக்குப் பேப்பர்

"...வேற ஒண்ணும் கேக்கலையே. ஒரு காலைப்பொழுது கேட்டேன், அவ்வளவுதான். இனி இந்தப் பிள்ளை எங்கன போயி உக்காந்து எழுதுவா, நீங்களே சொல்லுங்க."

என் அண்ணன் மனைவி, எங்கள் மைனி, கூடத்தின் நடுவில் நின்று இதைச் சொன்னார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் யாராவது பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார்கள், விஷயம் அதோடு முடிந்திருக்கும். முன்பின் தெரியாத ஊரில் வழி கேட்பவரைப் போலக் கேட்டார். எதிரே தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் அக்கா, அத்தான், அவர்கள் மகன், மருமகள், பேத்தி, சம்பந்தி வீட்டார் என்று எல்லாரும் ஈரத்துணியோடு நின்றார்கள். அவர்களைக் கூட்டிவந்த வேனின் சாவியோடு நானும் நின்றேன். பாயில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள், பாதி எழுதிய கணக்குத் தாள்கள் நனைந்துவிடாமல் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் வீடு இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அந்த வீடு நமக்குச் சொந்தமில்லை. "அருவியில தண்ணி விழுதா?" என்று ஒரு போன் வந்தால், விடிந்ததும் ஆள் வருகிறது என்று அர்த்தம். விழவில்லை என்று பொய் சொல்லவும் வழியில்லை, டிவியில் காட்டிவிடுகிறான். லாட்ஜில் ரூம் போட்டுத் தரட்டுமா என்று வாய் தவறிக் கேட்டால், அந்தப் பேச்சு அடுத்த தலைமுறைக் கல்யாணம் வரைக்கும் போகும். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மைனி வாழ வந்த நாள் முதல் சீசனுக்குச் சீசன் உலை வைத்தவர்.

அந்த வருஷம் பிளஸ் டூவில் பிள்ளை கணக்கில் மட்டும் ஃபெயிலாகிவிட்டாள். படிக்காமல் இல்லை. கைடில் போட்டிருந்த கணக்குகளை, எண்களோடு சேர்த்து, பாட்டு மாதிரி மனப்பாடம் செய்திருந்தாள். கேள்வித்தாளில் எண்ணை மாற்றிவிட்டார்கள். மறுதேர்வோ சரியாகச் சீசனுக்குள் வந்து விழுகிறது. அதில் தேறினால் அதே வருஷம் கம்ப்யூட்டர் படிப்பில் சேரலாம், கல்லூரியில் சொல்லி வைத்திருந்தோம். தேறாவிட்டால் ஒரு வருஷம் வீட்டிலிருக்க வேண்டும். "வீட்டுல சும்மா இருக்க பொம்பளப்பிள்ளையப் பாத்தா சொந்தக்காரங்களுக்கு மாப்பிள்ளை ஞாபகம் வந்துரும் தம்பி" என்று மைனி என்னிடம் மட்டும் சொன்னார். அவர் பயந்தது மார்க்குக்கு இல்லை, அதற்குத்தான்.

உதவி செய்ய வீட்டில் ஆளுக்குக் குறைவில்லை. அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "படிச்சியா?" என்பார், இந்தப் பக்கம் வரும்போது "முடிச்சியா?" என்பார். பக்கத்து வீட்டில் வல்லாரைத் துவையல் கொடுத்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பேப்பரும், பஸ் போர்டும், வேனில் ஏறுகிறவர்களின் பேச்சுமே நான் படித்த படிப்பு. இருந்தாலும் மனசு கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் போடுகிற கணக்கைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "சித்தப்பா, நீங்க அங்கன போயி இருங்க. எனக்குப் பதிலா நீங்க முழிக்கீங்க" என்றாள்.

உருப்படியாக ஒன்று சொன்னது அவளுடைய கணக்கு டீச்சர்தான். மைனி நேரே போய்க் கேட்டுவிட்டு வந்தார். கணக்கை வாசிக்க விடாதீர்கள், எழுத விடுங்கள். பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, கடிகாரத்தை வைத்து, பரீட்சை நேரம் முழுக்க நடுவில் எழுந்திருக்காமல் ஒரு முறையாவது எழுதட்டும். எந்தப் பகுதியில் நேரம் கரைகிறது என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதற்கு மேல் வீட்டில் யாரும் எதுவும் செய்ய வேண்டாம். இந்தக் கடைசிப் பேச்சு மைனிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "தோசைய ஊத்திட்டுச் சும்மா நிக்கணும். கரண்டிய வச்சு நோண்டிக்கிட்டே இருந்தா பிஞ்சுதான் வரும்" என்று அண்ணன் காதில் விழும்படி சொன்னார்.

சும்மா நிற்பதற்கு ஒரு காலைப்பொழுது வேண்டுமே. ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் அக்கா குடும்பம் வந்தது. கடைசியில் மைனி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாரையும் வேன்ல ஏத்தி அருவிக்குக் கூட்டிட்டுப் போ தம்பி. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அங்கனயே வச்சிரு" என்றார். இதிலென்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

மெயின் அருவியில் அவர்கள் தலையைக் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே போலீஸ் விசில் ஊதிவிட்டார்கள். மேலே மலையில் மழை, வெள்ளம் வருகிறது, எல்லாரும் ஏறுங்கள் என்று கயிறு கட்டிவிட்டார்கள். ஐந்தருவிக்கு ஓட்டினேன், அங்கேயும் தடை. பழைய குற்றாலத்துக்கு ஓட்டினேன், பாதி வழியிலேயே திருப்பிவிட்டார்கள். "தூத்துக்குடியில தண்ணி இல்லைன்னு இங்கன வந்தா, இங்கன தண்ணி கூடிப்போச்சுங்கான்" என்றார் அத்தான். மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தேன். செங்கோட்டை தாண்டிப் போய் பொரோட்டா சாப்பிடலாமா என்று கேட்டேன்.

"ஈரச்சேலையோட பொரோட்டாவா? ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பேத்தி நடுங்குதா பாருலே, வீட்டுக்கு விடு" என்றாள் அக்கா.

"வீட்டுல பிள்ளை பரீட்சை எழுதிப் பாக்குதாக்கா."

"எழுதட்டும். நாங்க என்ன அவ கையப் பிடிச்சா இழுக்கோம்? ஓரமா உக்காந்துக்கிடுதோம்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அண்ணன் மகள் மேல் அக்காவுக்கு உயிர். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, "என் தங்கம் எவ்வளவு எழுதிருக்கு!" என்று கட்டிக்கொண்டாள். சம்பந்தி ஃபேனைப் போட்டார், தாள்கள் பறந்தன. யாரோ சோப்பு எங்கே என்று கேட்டார்கள். எல்லாரும் ஓரமாகத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் அத்தனை பேருக்கு ஓரம் இல்லை.

அந்தப் பேப்பரை அவள் முடிக்கவே இல்லை. அடுத்த வாரம் நிஜப் பரீட்சை முடிந்து வெளியே வந்து வேனில் ஏறியவள், "எல்லாம் தெரிஞ்ச கணக்குதான் சித்தப்பா. கடைசிப் பகுதிக்கு வாரதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க" என்றாள். மைனி பயந்தபடியே நடந்தது. அடுத்த வருஷம் கணக்கில் தேறினாள், ஆனால் அதற்குள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. மாப்பிள்ளை அக்கா பார்த்துக் கொடுத்தவன்தான், நல்ல பையன். இன்று செங்கோட்டையில் ஒரு கடையில் பில் போடுகிறாள். மனசுக்குள்ளேயே கூட்டி, மிஷின் சொல்வதற்கு முன்னால் சொல்கிறாள் என்று கடைக்காரர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். அந்த ஒரு காலைப்பொழுது கிடைத்திருந்தால் தேறியிருப்பாளா? எனக்குத் தெரியாது. மைனியிடம் நான் கேட்டதில்லை, அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இப்போது சீசனில் என் வேனில் கையில் புத்தகத்தோடு பிள்ளைகள் ஏறுவதைப் பார்க்கிறேன். ரேடியோவை நிறுத்துகிறேன். என்னால் முடிந்தது அதுதான்.

அன்று கூடத்தில் மைனி அப்படிக் கேட்டதும், அத்தான் ஜன்னலைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். மைனி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பதில் வரும் என்று உண்மையிலேயே காத்திருந்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்போது மருமகளின் இடுப்பில் இருந்த பேத்தி ஒரு தும்மல் போட்டாள். மைனி இரண்டு கையையும் நீட்டி அவளை வாங்கிக்கொண்டார். பாயில், மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் முந்தானையால் அந்தக் குழந்தையின் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.