தண்ணியக்காவின் பஞ்சாயத்து

“உனக்கு அறிவு என்று ஏதாவது இருக்கிறதா? உன்னை யார் இங்கே எழுதக் கூப்பிட்டது? போய் உருப்படியாக வேறு வேலை இருந்தால் பார்.”

அண்ணி இதை மளிகைச் சாமான் பட்டியல் வாசிக்கிற குரலில் வாசிக்கிறார். வலது கையில் இஸ்திரிப் பெட்டி, அண்ணனின் சட்டைக் காலர் மேல் போய்ப்போய் வருகிறது. மடிக்கணினி சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நிற்கிறது. திட்டு அண்ணிக்கு இல்லை. முகம் தெரியாத ஒருவர் முகம் தெரியாத இன்னொருவரைத் திட்டியது. வாசித்து முடித்ததும் காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “இதுல கோபத்த எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?” என்று கேட்பார். கொஞ்சம் யோசிப்பார். “ஒண்ணுமில்ல. சரி, அடுத்தது.”

அண்ணி என் அண்ணனின் மனைவி. அவர்கள் கீழ் வீட்டில், நான் மாடியில். காலைத் தேநீர் எனக்கு அவர்கள் வீட்டில்தான் என்பதால் இந்த வாசிப்பைத் தினமும் கேட்கிறேன். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அண்ணியின் வேலை. கடைக்குக் கிளம்பும் முன், இணையத்தில் இருக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தில் சண்டை தீர்த்து வைப்பது அவருடைய இன்னொரு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

அந்தக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆகவே சண்டைக்குப் பஞ்சமில்லை. ஒருவர் ஒரு வரியைச் சேர்ப்பார், அடுத்தவர் அதை நீக்குவார். முதலாமவர் திரும்பச் சேர்ப்பார். இது எல்லை மீறினால் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள். சாவி சிலர் கையில்தான் உண்டு. அண்ணி கையில் ஒன்று இருக்கிறது. கேட்டு வாங்கியதில்லை. கிட்டப்பார்வை பற்றிய பக்கத்தில் ஒரு தப்பைத் திருத்தப் போனவர், திருத்தியதை ஒருவர் அழித்தபோது, சண்டை போடாமல் “ஏங்க அழிச்சீங்க?” என்று கேட்டிருக்கிறார். அங்கே அப்படிக் கேட்கிற ஆள் அபூர்வம் போலிருக்கிறது. கூடிப் பேசி வாக்களித்து இவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

எந்தச் சண்டைக்குப் போனாலும் அண்ணி எழுதும் முதல் வரி ஒன்றுதான்: “ரெண்டு பேரும் போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வாங்க. நானும் குடிச்சிட்டு வரேன்.” அதனால் அங்கே அவருக்கு ‘தண்ணியக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. அண்ணனுக்கு அதில் பெரிய சங்கடம். “வெளிய எங்கயும் சொல்லிடாதம்மா. கேக்கறவன் வேற தண்ணின்னு நெனச்சுக்குவான்” என்பார் என்னிடம். அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்துவது அவர் தொழில். மனைவியின் பஞ்சாயத்துக்கு அவரிடம் இருக்கும் ஒரே யோசனை: “பிரேக்க மிதி.”

அண்ணி ஆச்சரியக்குறியே போடமாட்டார். முதலில் எழுதுகிற பதிலை அனுப்பமாட்டார். அழித்துவிட்டு, வாசல் வரை போய்ச் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்து, மறுபடி எழுதுவார். அவர் பஞ்சாயத்து நடக்கும் நாட்களில் எங்கள் வீட்டு வாசல் படு ஒழுங்காக இருக்கும்.

ஒருமுறை பூனையைப் பற்றிய பக்கத்தில் யார் எடுத்த படம் மேலே வரவேண்டும் என்று இரண்டு பேர் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். இருவரும் போட்டது அவரவர் வீட்டுப் பூனை. அண்ணி எழுதினார்: “ரெண்டு பூனையும் அழகு. ஆனா கட்டுரை பூனையப் பத்தி. உங்க பூனையப் பத்தி இல்ல.” இருவரும் அடங்கினார்கள். ஒருவர் மட்டும், தன் பூனைக்கு உடம்பு சரியில்லை, இருக்கும்போதே அதன் படம் எங்காவது நிலைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாகத் தனியாக எழுதினார். அண்ணி விசாரித்து, தூங்கும் விலங்குகள் பற்றிய பக்கத்தில் அதற்கு நியாயமாகவே ஓர் இடம் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

படகு விவகாரம் அப்படி இல்லை.

பல வருடங்களுக்கு முன் ஓர் ஆற்றில் பயணிகள் படகு ஒன்று கவிழ்ந்து நிறையப் பேர் இறந்துபோனார்கள். அதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை. அதில் ஒரு வரி: “படகோட்டியின் பேராசையால் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதே விபத்துக்குக் காரணம்.” பக்கத்திலேயே படகோட்டியின் பெயர். ‘கரைக்குருவி’ என்ற புனைபெயரில் ஒருவர் அந்த வரியை நீக்கிக்கொண்டே இருந்தார். கட்டுரையை எழுதிய ‘தராசு’ என்பவர் அதைத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார். குற்றத்தை மறைக்கச் சுண்ணாம்பு அடிக்கிறாய் என்றார் தராசு. செத்தவரைக் கல்லால் அடிக்கிறாய் என்றார் கரைக்குருவி. பக்கம் பூட்டப்பட்டது. அண்ணி தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஒருவரும் குடிக்கவில்லை.

அண்ணி கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்டியிருந்தவற்றைப் படித்தார். ‘பேராசை’ என்று எழுதியது அந்தக் காலத்துச் செய்தித்தாள் ஒன்று. விசாரணைக் குழு ஆட்கள் அதிகம் என்று சொன்னதே தவிர அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. “ஆள் எத்தனைன்னு அளக்கலாம். ஆசை எவ்ளோன்னு எதை வெச்சு அளக்கறது?” என்று என்னிடம் கேட்டார். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை விசாரணைக் குழு கூறியதாக மாற்றி எழுதினார்.

இரண்டு பக்கமும் அவர்மேல் பாய்ந்தது. ஒருவருக்கு அது மூடி மறைத்தல், இன்னொருவருக்கு அதே பழியை மரியாதையாகச் சொல்லுதல். நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, தண்ணியக்கா ஒருதலைப்பட்சமானவர், அவரிடமிருந்து சாவியைப் பிடுங்க வேண்டும் என்று வாக்கெடுப்புக் கேட்டு ஒரு பக்கத்தையே திறந்துவிட்டார். அன்று காலை அண்ணி அதையும் வழக்கமான குரலில்தான் வாசித்தார். ஆனால் கை நின்றுவிட்டது. தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் மூவரும் பார்த்தோம். அண்ணனின் சீருடைச் சட்டையில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

“பரவால்ல விடு, பாக்கெட்டுக்குக் கீழதான” என்றார் அண்ணன். அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அன்றைக்கு அவரிடம் கார் கற்றவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள்.

அந்த வாரம் அண்ணிக்குத் தனித்தனியாக இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. கரைக்குருவி ஒரு பெண். அந்தப் படகை ஓட்டியவர் அவருடைய அப்பா. நீந்திக் கரையேறியவர், அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கமே போனதில்லை. வீட்டில் தொட்டி நிறைகிற சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் குழாயை மூடிவிடுவாராம். அவர் இறந்து கொஞ்ச காலம் ஆகிறது. “என் மகள் தாத்தா பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த வரிதான்” என்று எழுதியிருந்தார்.

தராசு ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவருடைய அக்கா முதல் வேலையில் சேர்வதற்காக அந்தப் படகில் ஏறியவர். “எந்தச் செய்தியிலும் அக்காவின் பெயர் இல்லை. எண்ணிக்கையில் ஒன்று, அவ்வளவுதான். ஒருவர் பொறுப்பு என்றாவது எழுதியிருக்க வேண்டாமா?”

இருவரும் கடைசியில் ஒரே வேண்டுகோளை வைத்திருந்தார்கள்: இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பெயர் எதுவும் சொல்லாமல் இவ்வளவு மட்டும் அண்ணி என்னிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து, அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இருவரும் எழுதியிருக்கிறார்கள், அண்ணி வாசலுக்கு நடையாய் நடக்கிறார் என்பதுதான்.

“என்ன எழுதியிருக்காங்க அண்ணி?”

“ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் படிச்சா சண்டையே இருக்காது.”

“அப்போ காட்டிட வேண்டியதுதான? ஒரே நிமிஷத்துல முடிஞ்சிரும்.”

“முடிஞ்சிரும். ஆனா அது என்னோடதா, எடுத்துக் குடுக்க?” என்றார். குனிந்து ஒரு செருப்பை நேராக்கினார்.

காட்டாமலே வேறொன்று செய்தார். அந்தக் கட்டுரை பற்றிப் பேசிக்கொள்வதற்கென்று இருக்கும் உரையாடல் பக்கத்தில் இருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். எதிராளி என்ன சொல்கிறார் என்பதை நீங்கள் எழுத வேண்டும். எதிராளி அதைப் படித்து, “ஆமாம், நான் சொல்வது இதுதான்” என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவரை கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறாது. கரைக்குருவிக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதினார்: சொந்தக்காரர் கட்டுரையில் நேரடியாகக் கை வைப்பது முறையில்லை, ஆனால் பேசுவதற்கு எல்லா உரிமையும் உண்டு.

தராசு முதலில் நக்கலாக நாலு வரி எழுதினார். அண்ணி திருப்பி அனுப்பினார்: “இதுல உங்க குரல்தாங்க கேக்குது.” சில நாள் கழித்து அவர் மறுபடி எழுதினார்: “முடிவெடுத்தவர்களில் படகோட்டி ஒருவர், ஒரே ஒருவர் அல்ல. மற்றொரு படகு பழுதாகிக் கிடந்தது. காத்திருந்த எல்லாரையும் ஏற்றச் சொன்னது படகுத்துறை அலுவலகம் என்று விசாரணைக் குழுவே சொல்கிறது. நான் அந்த அலுவலகத்தைக் கட்டுரையில் குறிப்பிடவில்லை. அவர் பெயரை மட்டும் எழுதினேன்.”

அதற்கு “ஆமாம்” போட்டுவிட்டுக் கரைக்குருவி எழுதியதை அண்ணி எங்களுக்கு வாசித்துக் காட்டினார். “அந்தப் படகில் போனவர்கள் சொன்ன இடத்தில் நின்றார்கள், ஏறச் சொன்னபோது நம்பி ஏறினார்கள். நம்பி ஏறியவர்களைக் கரை சேர்ப்பது ஓட்டுகிறவரின் பொறுப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் தாமாகவே செத்துப்போனதாக ஆகிவிடும். தராசு சொல்வது இதுதான் என்று நினைக்கிறேன்.”

மளிகைப் பட்டியல் குரல் பாதியில் அண்ணியைக் கைவிட்டது. அண்ணன் எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சில நாட்களுக்குப் பிறகு தராசு, எல்லாரும் பார்க்கிற அந்தப் பக்கத்திலேயே எழுதினார்: “ஆமாம். நான் சொல்ல வந்தது இதுதான். எனக்கே இப்படிச் சொல்ல வரவில்லை. என் அக்கா அந்தப் படகில் இருந்தாள்.”

மறுநாள் காலை அதற்குக் கீழே ஒரு வரி: “அதை ஓட்டியவர் என் அப்பா.”

அன்று வாக்கெடுப்புக் கேட்டவர் தன் கோரிக்கையை ஓசைப்படாமல் விலக்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் புதிய வரிகளை எழுதிக் கொண்டுவந்து வைத்தவர் தராசுதான். ஆட்கள் அளவுக்கு மீறி ஏறியிருந்தது, மற்றொரு படகு பழுதானது, அலுவலகம் ஏற்றச் சொன்னது, படகோட்டி அதற்கு இணங்கியது எல்லாம் யார் சொன்னது என்பதோடு வரிசையாக இருந்தன. பேராசை இல்லை. பழியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கரைக்குருவி “சரி” என்று ஒரு சொல் போட்டார். அண்ணி பூட்டைத் திறந்தார். “அப்பாடா” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார்.

என் பிழைப்பு பத்திரிகைக்கு எழுதுவது. அவசரத்துக்கு அந்தக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து, வேண்டிய வரியை எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன். அதன் நடை உப்புச்சப்பில்லாதது என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். இப்போது அப்படி ஒரு சப்பென்ற வரியைப் பார்த்தால் நின்று படிக்கிறேன். இதற்காக யாரோ வந்த கோபத்தை விழுங்கியிருக்கிறார்கள், யாரோ ஒரு சட்டையைத் தீய்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. யாரென்று தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

போன மாதம் என் படிப்புக் கண்ணாடியை வாங்க அண்ணியின் கடைக்குப் போயிருந்தேன். பேருந்து நடத்துநர் சீருடையில், தோள்பையைக்கூடக் கழற்றாமல், ஒரு பெண் உள்ளே வந்தார். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு, “இங்க... தண்ணியக்கா?” என்றார். கடைக்காரர் குழம்பிப்போய் மூலையில் இருந்த குடிநீர்க் குழாயைக் காட்டினார்.

“நான்தாங்க. முகவரி குடுத்தேன்ல, வாங்க” என்று அண்ணி எழுந்தார்.

“அவரு நேத்து போன் பண்ணாருங்க்கா. தராசு அய்யா. அவங்க அக்கா போட்டோ அனுப்பியிருந்தாரு. எங்க அப்பா போட்டோ இருந்தா அனுப்பும்மான்னு கேட்டாரு.” அந்தப் பெண் அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நான் உங்களுக்கு எப்படி...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். பேருந்துக் கூட்டத்தில் இடிபட்டதோ என்னவோ, அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து, இடது கண்ணுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி இரண்டு கைகளாலும் அந்தக் கண்ணாடியை அவர் முகத்திலிருந்து மெதுவாகக் கழற்றினார். ஈரமாயிருந்த வில்லைகளைத் துடைத்தார். வளைந்த காம்பைச் சூடு காட்டி நிமிர்த்தினார். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் காதோர முடியை விரலால் ஒதுக்கிவிட்டு, அதைத் திரும்ப அணிவித்தார்.