அப்பா அறைந்த கொக்கி

சுவரில் போட்ட துளைக்குள் இருந்த சிமெண்டுத் தூளைத் தட்டி எடுக்காமலேயே திருகாணிக்கான பிளாஸ்டிக் பிளக்கை அடித்து இறக்கிய முட்டாள் நான்தான். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்த அப்பாவுக்காக மாட்டிய ஸ்டீல் கைப்பிடி, நான் இழுத்துப் பார்த்ததுமே கையோடு வந்துவிட்டது.

மூக்கில் ஏறிய ஈரச் சிமெண்டு வாசம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த சித்திரபுரம் குவார்ட்டர்ஸுக்கே இழுத்துப் போனது. மழைக்காலத்தில் அங்கே துணி வெளியே காயாது. அடுப்புக்கு மேலே கொடிக்கம்பி கட்டுவதற்காக அப்பா கான்கிரீட் சுவரைக் குடைந்து, அப்போதுதான் வெட்டிய பச்சைக் கட்டையை அடைத்து, அதில் கொக்கியை அறைந்தார். வெயில் வந்ததும் கட்டை காய்ந்து சுருங்கியது. ஒரு நாள் கொக்கி, கம்பி, போர்வை எல்லாம் கஞ்சிப் பானைக்குள் விழுந்தன.

"ஏலே, கம்பியில தொங்குனியா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் விளாசினார். தொங்கியிருந்தால் அடியாவது நியாயம். அந்தக் கம்பி எனக்கு எட்டவே எட்டாது. சொந்தக்காரர்களிடம் இன்றுவரை நான் தொங்கியதாகத்தான் சொல்லி வருகிறார்.

இப்போது வேறு துளை போட்டு, தூளைத் தட்டி, கைப்பிடியை முடுக்கி, என் தொப்பை பாரம் மொத்தத்தையும் கொடுத்து இழுத்தேன். அசையவில்லை.

"அன்னைக்கு நான் தொங்கலப்பா. உங்க கட்டைதான் சுருங்கிப் போச்சு. இப்ப இதைப் பிடிச்சுப் பாருங்க" என்றேன்.

அப்பா கையைக்கூட நீட்டவில்லை.

"நான் சுவத்தைப் பிடிச்சே நடந்துக்கிடுதேன்."