அண்ணனின் சட்டைப் பை

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஸ்பெயினில் செவில்லா என்ற ஊரில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் கோர்தோபா. பழங்காலத்து நகரம். காலையில் போய்ச் சுற்றிவிட்டு மாலையில் திரும்பிவிடலாம் என்று தனியாகக் கிளம்பினேன்.

போகச் சொன்னதே அத்தாதான்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் வீடு ராயபுரம். அத்தா கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில நாள் ஒரு பகலும் ஓர் இரவும்கூட அங்கேயே போய்விடும். அந்த நேரமெல்லாம் சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு போனில் வீடியோ பார்ப்பார். அப்படிப் பார்த்ததுதான் கோர்தோபாவில் இருக்கும் பெரிய பழைய பள்ளிவாசல். இப்போது அது தேவாலயம். "உள்ள ஃபுல்லா தூணும்மா, காடு மாதிரி கீது. நீ போய் நின்னு ஒரு போட்டோ அனுப்பு" என்றார். நான் படித்தது சரக்குப் போக்குவரத்து நிர்வாகம். படித்து முடித்து வந்து இந்த க்யூவை ஒழித்துக்கட்டு என்று போனில் பேசும்போதெல்லாம் கிண்டல் செய்வார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோமானியர் காலத்துப் பாலத்தில் நின்று ஆற்றைப் படம் எடுத்து அனுப்பினேன். நம்ம கூவம் அளவுதான் அத்தா, ஆனால் மூக்கைப் பொத்த வேண்டாம் என்று எழுதினேன். டிக் நீலமானது. வழக்கமாக உடனே குரல் பதிவு அனுப்புபவரிடமிருந்து பதில் இல்லை. க்யூ நகர்ந்திருக்கும், ஓட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பூந்தொட்டி தொங்கும் சந்துகள், ஆரஞ்சு மரங்கள், குதிரை வண்டி என்று அனுப்பிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் நீலமானது. பார்க்கிறாரே, அது போதும் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பள்ளிவாசல் முற்றத்தில் டிக்கெட் வரிசையில் நிற்கும்போது அண்ணன் கூப்பிட்டான். அத்தா மவுத்தாகிவிட்டார் என்றான். அப்படியே, சுற்றி வளைக்காமல். காலையில் வரிசை நகர்ந்திருக்கிறது, அத்தாவின் லாரி மட்டும் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் விடாமல் ஹார்ன் அடித்திருக்கிறார்கள். அடுத்த லாரி டிரைவர் நாலு வார்த்தை திட்டலாம் என்று படியேறிப் பார்த்தபோது அத்தா ஸ்டீயரிங் மேல் தலை வைத்துக் கிடந்தாராம். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"போன் என்கிட்டதான் கீது. உன் போட்டோ வந்துகினே இருந்துச்சு. நான்தான் பாத்தேன். எப்படி சொல்றதுன்னு தெரில" என்றான்.

கூவத்தை வைத்து நான் அடித்த கிண்டலை அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்திருக்கிறான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் தோளைத் தொட்டு முன்னால் போகச் சொன்னார். நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்களில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அதிக நேரம் வைத்திருக்க மாட்டார்கள். அன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா மட்டும் பிடிவாதமாக இருந்தார். மகள் முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது, ஐஸ் பெட்டியில் வையுங்கள் என்று அழுதிருக்கிறார். நீ சொன்னால்தான் அம்மா கேட்கும், என்ன செய்யட்டும் என்று அண்ணன் கேட்டான்.

செவில்லா திரும்பி, மாட்ரிட் போய், டிக்கெட் கிடைத்து, வீடு சேர எப்படியும் இரண்டு நாள் ஆகும். வைத்திருங்கள், வந்துவிடுகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் சொன்னது வேறு.

"அத்தா நின்ன க்யூவெல்லாம் போதும்ணே. எனக்காவ வெச்சினு இருக்க வேணாம். எடுத்துடுங்க."

வீடியோ காலில் நான் காட்டுகிறேன், போனை எடு என்று மட்டும் அவன் சொன்னான்.

அங்கே அஸர் முடிந்தபோது இங்கே உச்சி வெயில். முற்றத்தில் ஒரு கல் திண்டில் உட்கார்ந்திருந்தேன். அடக்கம் நடக்கும் கபர்ஸ்தானில் வீடியோ எடுத்தால் யாராவது சத்தம் போடுவார்கள் என்று அண்ணன் போனைச் சட்டைப் பையில் கேமரா வெளியே தெரியும்படி சொருகியிருந்தான். வெயில் அடித்து என் போனில் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த வயதான ஸ்பானிஷ் பெண்மணி, நான் தவிப்பதைப் பார்த்து விசிறியை விரித்து என் போனுக்கு மேல் நிழலாகப் பிடித்தார். திரையில் என்ன நடக்கிறது என்று புரிந்ததும் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முடியும் வரை கையை இறக்கவே இல்லை.

முதலில் தோள்கள்தான் தெரிந்தன. பிறகு ஒரு வேப்பமரம், வெள்ளைத் துணி. அண்ணன் கபர் குழிக்குள் இறங்கினான். அவன் சட்டைப் பையில் நானும் இறங்கினேன். இரண்டு பக்கமும் ஈர மண் சுவர். துணியை விலக்கி முகத்தை மக்கா திசைக்குத் திருப்பினார்கள். அப்போது ஒரு நொடி முகம் தெரிந்தது. தாடையில் மூன்று நாள் தாடி. பலகை அடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மண்.

எங்கள் பக்கம் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகும் வழக்கம் இல்லை. ராயபுரத்தில் இருந்திருந்தால் நானும் அம்மாவோடு வாசலில் நின்றிருப்பேன். அந்தப் பள்ளிவாசலுக்குள் நான் போகவே இல்லை. அத்தா கேட்ட தூண்களை இதுவரை பார்த்ததில்லை.

சில நாள் கழித்து அம்மா கூப்பிட்டார். அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுகிறார் என்று தெரிந்தது. ஏன் எடுக்கச் சொன்னாய் என்று கேட்கப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"நீ உள்ள வரிக்கும் பாத்தியாமே, அண்ணன் சொல்லிச்சு. கால நீட்டிப் படுக்க எடம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நல்லா நீட்டித்தான் வெச்சாங்க."



இப்போது படிப்பு முடிந்து ஊரிலேயே வேலை பார்க்கிறேன். துறைமுகத்து க்யூ அப்படியேதான் இருக்கிறது. அம்மா இன்னமும் எப்போதாவது அதே கேள்வியைக் கேட்பார், நானும் முதல் தடவை சொல்வது போலவே சொல்வேன். கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று அழுதவளும் நான்தான், எங்கள் வீட்டுப் பெண்களில் அத்தா மண்ணுக்குள் போவதைப் பார்த்தவளும் நான் ஒருத்திதான்; இதை எனக்குக் கிடைத்தது என்று சொல்வதா, எனக்கு நேர்ந்தது என்று சொல்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.