சபீனோ விழுந்த தண்ணீர்

இத்தாலியில் எங்கள் பாரி துறைமுகத்தில், கப்பல்களை இழுத்துக் கரைசேர்க்கும் இழுவைப் படகில் மாலுமியாக இருந்தவர் சபீனோ. என் அக்கா பிலோமினாவின் கணவர். வாய்த்துடுக்கு அதிகம்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் டிசம்பர் தொடக்கம். துறைமுகம் முழுக்க நேச நாட்டுச் சரக்குக் கப்பல்கள். இறக்குகிற அவசரத்தில் விளக்குகளைக்கூட அணைக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் ஜெர்மன் விமானங்கள் வந்தன.

"விளக்கேத்தி வச்சு விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு மாப்ள" என்பார் அத்தான்.

வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்த வேகத்தில் அத்தானின் இழுவைப் படகு கவிழ்ந்தது. அத்தானும் கொதிகலன் ஆள் கத்தால்தோவும் ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். சுற்றிலும் எண்ணெய். அதில் ஒரு விநோதமான வாசனை.

"எவன்டா இந்த நேரத்துல பூண்டு வதக்குறான்?" என்றார் அத்தான்.

"உன் பொண்டாட்டிதான். நீ செத்துட்டேன்னு நெனச்சு எனக்குச் சமைக்கிறா."

சிரித்ததில் ஒரு வாய்த் தண்ணீர் அத்தானின் தொண்டைக்குள் போயிற்று.

படகுக்காரர்கள் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் கொட்டியவர்களைத்தான் முதலில் பார்த்தார்கள். இவர்களைப் போர்வை சுற்றி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கத்தால்தோ ஈரச் சட்டையைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க, குளிர்ல வெறச்சிருவீங்க" என்றாள் செவிலி. அவள்மேல் குற்றமில்லை. அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

விடிந்தபோது இருவருக்கும் கண் வீங்கி மூடியிருந்தது. உடம்பெல்லாம் கொப்புளம். டாக்டர்கள் திகைத்து நின்றார்கள்.

"சபீனோ, விளக்கு எரியுதாடா?" என்று கேட்டார் கத்தால்தோ.

"அணைச்சுட்டாங்கடா. தூங்கு."

அப்போது நண்பகல் என்று செவிலி பின்னர் சொன்னாள். அந்த வாரம் முடிவதற்குள் கத்தால்தோ இறந்துபோனார். அத்தானுக்குப் பார்வை திரும்பியது, மூச்சு திரும்பவில்லை. பத்தடி நடந்தால் இருமல்.

உதவித்தொகை கேட்டுப் போன இடத்தில் ஒரு டாக்டர், "சுருட்டு இருமல்" என்றார்.

"நான் சுருட்டைத் தொட்டதே இல்லைங்க."

"அப்போ உங்கப்பா குடிச்சிருப்பார்."

பல வருஷம் கழித்து என் காப்பிக் கடையில் அக்கா செய்தித்தாளை வாசித்தாள். ஜெர்மானியர் குண்டு போட்டது உண்மை. ஆனால் அந்த எண்ணெயில் கலந்து பூண்டு வாசனையடித்த விஷவாயுச் சரக்கு, எங்களைக் காக்க வந்த நேச நாட்டுக்காரர்களின் கப்பலில் ரகசியமாக வந்தது. தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. துணியைக் களைந்து உடம்பைக் கழுவியிருந்தாலே பலர் பிழைத்திருப்பார்கள்.

"இன்னொரு தடவ வாசி" என்றார் அத்தான். வாசித்தாள். அவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

குண்டுவீச்சு நினைவுநாள் கூட்டத்துக்கு அவரையும் அழைத்தார்கள். மேடையில் ஒரு பெரிய மனிதர், "உயிரைக் கொடுத்தவர்கள்" என்று உருகினார்.

அத்தான் எழுந்தார். "கத்தால்தோ எதையும் கொடுக்கலைங்க. சட்டையைக் கழட்டுன்னு ஒரு வார்த்தை சொல்ல, தெரிஞ்சவங்களுக்கு மனசு வரல."

அதற்குமேல் இருமல் விடவில்லை. குடித்திருக்கிறார் என்று நினைத்து போலீஸ்காரன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். சிலர் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியவில்லை.

அடுத்த வசந்தத்தில் அத்தான் போய்ச் சேர்ந்தார். மார்புச்சளி என்றார் டாக்டர். அக்கா மறுத்துப் பேசவில்லை.

"விஷவாயுன்னு சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"யார்கிட்டடா? கேட்டுப் பதில் சொல்ல வேண்டியவன் எவனும் இந்த ஊர்ல இல்ல" என்று சொல்லிவிட்டு, பாதிரியாரைக் கூப்பிடப் போனாள்.