மெட்டில் குறுக்கே போன பூனை

மலையடிவாரத்து முந்தலுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது சாக்கு கனக்கத் தொடங்கியது. உள்ளே இருந்த பூனை அதுவரை தூங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். விழித்ததும் என் முதுகின் மேல் நகத்தால் நடந்து பார்த்தது. நான் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன். பங்குனி மாதம். வெயில் ஏறுவதற்குள் நடந்து முடித்துவிட வேண்டும் என்று இருட்டு விலகும்போதே போடியிலிருந்து கிளம்பியிருந்தேன்.

உண்மையில் நான் போக வேண்டிய திசை அது இல்லை. சிலமலைப் பக்கம் போய், ஏதாவது ஒரு தோட்டத்து வரப்பில் சாக்கை அவிழ்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் முதலாளி சொன்னது. பூனையைச் சாக்கில் கொண்டுபோய் விடுவதுதான் வழக்கம். வழியைப் பார்க்கவிட்டால் அது நமக்கு முன்னால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். சிலமலை ரோடு பிரியும் இடத்தில் நின்று ஒரு பீடியைப் பற்ற வைத்தேன். பீடி முடிந்ததும் முந்தல் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். அவ்வளவுதான், யோசித்து எடுத்த முடிவெல்லாம் இல்லை.

முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். ஏலக்காய் மாதிரி ரோஷமான சரக்கு வேறு கிடையாது. பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் அதைத் தன் வாசனையாக்கிக்கொள்ளும். அவருடைய ஸ்டோருக்குள் யாரும் பீடி குடிக்கக் கூடாது, வெங்காயம் உரிக்கக் கூடாது, மண்ணெண்ணெய் டின் வாசலைத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில், சலித்து, தரம் பிரித்து, மறுநாள் ஏலத்துக்குப் போக இருந்த முதல் தரக் காய்க் குவியலின் மேல் இந்தக் கடுவன் ஏறி நின்று வாலைத் தூக்கிவிட்டது. முதலாளி ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை.

"ஒன்னு பூன இருக்கட்டும், இல்லாட்டி நீ இரு. ரெண்டு பேரும் சேந்து என் ஸ்டோர்ல இருக்க முடியாதுப்பா" என்றார். சாக்கையும் அவரேதான் எடுத்துக் கொடுத்தார். நல்ல சாக்கு.

அந்த ஸ்டோரில் எட்டு மாதம் இருந்தேன். என் கணக்குக்கு அது நீண்ட காலம். ஏழாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வெளியே போனவன், அப்புறம் எங்கும் உட்காரவில்லை. செங்கல் சூளை, திருப்பூரில் சாயப் பட்டறை, போர் போடுகிற லாரி, கம்பத்தில் திராட்சைத் தோட்டம். பஸ் ஸ்டாண்டில் தூங்கிய மாதங்களும் உண்டு. கொசு இல்லாத பஸ் ஸ்டாண்டுகள் எவை என்று என்னைக் கேட்கலாம். ஒவ்வொரு இடத்திலிருந்தும் கிளம்பும்போது என்னிடம் ஒரு பையும் ஒரு போர்வையும் இருக்கும். இந்த முறை இரண்டும் ஸ்டோரிலேயே கிடக்க, கூட ஒரு ஆள். அது ஸ்டோருக்குத் தானாக வந்த பூனை. மஞ்சள் வரி, வால் நுனி முறிந்திருக்கும். பெயர் வைக்கவில்லை. ஏய் என்றால் திரும்பும், பிடித்திருந்தால்.

போடியில் வெளிநாடு போகிறவர்கள் விமான நிலையத்தில் பெட்டியோடு நின்று போட்டோ அனுப்புவார்கள். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் மலை உச்சியில் கேரள எல்லையான மெட்டைத் தாண்டினால் போர்டில் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறுகிறது, சோறு கூடக் கொட்டை கொட்டையாக மாறுகிறது. என் அளவுக்கு இதுவே வெளிநாடு. சாக்கைப் பார்த்து அப்படித்தான் சொன்னேன். ரோட்டில் யாரும் இல்லாததால் இரண்டு தடவை சொன்னேன். காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. வேலை போகப்போகிற நேரத்தில், கையில் பூனையோடு நடக்கிறவனுக்கு வரக்கூடாத சிரிப்பு.

முந்தலுக்கு முன்னாலேயே ஒரு ஜீப் பின்னால் வந்து நின்றது. போடியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் மலையேறும் ஜீப்புகளில் ஒன்று. உள்ளே பதினைந்து பெண்கள், பதினைந்து தூக்குவாளிகள். கால் வைக்க இடம் இருந்தது, முழுக் காலையும் வைக்க இல்லை. டிரைவர் சாக்கு நெளிவதைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"பூன குறுக்க போனாலே வண்டிய நிறுத்தி, அடுத்தவன் போனதுக்கப்புறம் எடுக்கிறவன் நானு. நீ அதையே ஏத்தச் சொல்றயே மாப்ளே."

பின் சீட்டில் வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, ஐம்பது வயது இருக்கும், தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். அவர் எட்டிப் பார்த்தார்.

"அது எங்க குறுக்க போவுது? நம்ம கூடவேல்ல வருது. கூட வர்ற பூனைக்கு ஏது சகுனம்? வெரசா ஏத்து, சோலிக்கு நேரமாகுது."

டிரைவர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. மெட்டு வரும்வரை சாக்கின் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஏற்றிக்கொண்டார். நான் பின்னால் படியில் நின்று ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் சாக்கையும் பிடித்துக்கொண்டேன்.

நான் பூனையை விடப் போகிறேன் என்றே எல்லாரும் நினைத்தார்கள். எங்கே விட்டால் திரும்பாது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருத்தி வீட்டுக்காரர் ஒரு பூனையைத் தேவாரத்தில் கொண்டுபோய் விட்டாராம். போன இடத்தில் சம்பந்தி வீட்டில் தங்கிவிட்டு மூன்றாம் நாள் அவர் வீடு திரும்பினால், பூனை அவர் பாயில் படுத்திருந்ததாம். நான் விடப் போகவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து கேரளாவுக்கு வேலைக்குப் போகிறோம் என்றேன்.

"அப்ப குடும்பத்தோட போறேன்னு சொல்லு" என்றார் துண்டு கட்டிய அக்கா.

அப்புறம் சிரிப்பு அடங்க நாலு வளைவு ஆனது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பூனை சாக்குக்குள்ளிருந்து பச்சைப் பிள்ளை மாதிரி ஊளையிட்டது. ஜீப்புக்குள்ளிருந்து யாராவது, வந்துருச்சு வந்துருச்சு, அடுத்ததுதான் மெட்டு என்று அதற்குப் பதில் சொன்னார்கள். கீழே போடி ஒரு பக்கம் தெரிந்தது, அடுத்த வளைவில் மறு பக்கம் தெரிந்தது. எனக்குத் தலை சுற்றியது. அது இனிமையாக இருந்தது.

சிரிப்பு ஓய்ந்த பிறகு அந்த அக்கா எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். தோட்டம் இன்னும் பார்க்கவில்லை என்றேன். அவர் முகம் மாறியது. லயம் என்கிற வரிசை வீடுகளில் ஆளைச் சேர்ப்பார்கள், பூனையைச் சேர்ப்பது கஷ்டம், காய் உலர்த்துகிற ஸ்டோர் இருக்கிற தோட்டமென்றால் வாசலிலேயே விரட்டிவிடுவார்கள் என்றார். கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். மத்தியானத்துக்குள் திரும்பினால் போடியில் பழைய வேலை இருக்கிறது என்றேன். பூனை இல்லாமல்தானே என்றார். ஆமாம் என்றேன். தன் வாளியிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார்.

மெட்டில் செக்போஸ்ட்டின் கட்டை இறங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப், பின்னால் வரிசையாக ஏழோ எட்டோ. கோழிக் காய்ச்சல் என்று அந்த நாட்களில் கோழி, வாத்து எதையும் மேலே விடவில்லை. காவலுக்கு நின்றவர் சாக்கைப் பார்த்தார்.

"எந்தா சாக்கில்? கோழியோ?"

பூனை என்றேன். நம்பவில்லை. கோழி கடத்துகிறவன் வேறென்ன சொல்வான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். இறங்கி முன்னால் வந்து திறந்து காட்டச் சொன்னார். டிரைவர் முன்னாலிருந்து கையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. நான் முடிச்சைத் தளர்த்தியதுதான் தெரியும். மஞ்சளாக ஒன்று காவலரின் முழங்காலில் ஒரு கால், ஜீப்பின் பானட்டில் ஒரு கால் வைத்து, முன்னால் நின்ற ஜீப்புக்கும் கட்டைக்கும் நடுவே ரோட்டைக் குறுக்காகக் கடந்து, எதிரே டீக்கடைச் சுவரில் ஏறி உட்கார்ந்து காலை நக்க ஆரம்பித்தது.

கட்டை தூக்கப்பட்டது. ஒரு வண்டியும் நகரவில்லை.

முன் ஜீப்பின் டிரைவர் இஞ்சினை அணைத்தார். எங்கள் டிரைவரும் அணைத்தார். பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லா இஞ்சினும் ஓய்ந்தது. எதிரே கேரளப் பக்கமிருந்து இறங்கி வந்த லாரியும் விஷயத்தை விசாரித்துவிட்டு ஓரம் கட்டியது. யாராவது ஒருவர் முதலில் பூனை போன கோட்டைத் தாண்டினால் போதும், சகுனம் அவரோடு போய்விடும். அந்த ஒருவராக இருக்க யாருக்கும் மனமில்லை. காவலரிடம், நீங்கள் இந்தப் பக்கம் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்களேன் என்று ஒரு டிரைவர் மரியாதையாகக் கேட்டார். அவர் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நானே போகிறேன் என்றேன்.

"நீ போனா சேராது. நீ பூனைக்குச் சொந்தக்காரன்ல" என்றார் எங்கள் டிரைவர். மற்ற டிரைவர்களும் அதுதான் சரி என்றார்கள். சட்டம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

நூறு பெண்களுக்கு மேல் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். நேரம் போனால் அரைநாள் கூலி போகும் என்ற கவலை எல்லாருக்கும் இருந்தது, ஆனாலும் சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. எனக்கு மட்டும் அப்போது சிரிப்பு நின்றிருந்தது. டீக்கடைக்குப் பின்னால் சரிவு. சரிவு முழுக்க ஏலச் செடியும் காடும். பூனை அந்தப் பக்கம் குதித்தால் கதை முடிந்தது. எனக்கு இறங்குகிற பஸ் இருக்கிறது, மத்தியானத்துக்குள் போடியில் வேலையும் இருக்கிறது. கருவாட்டை எடுத்து நீட்டி, ஏய் என்றேன். அது என்னைப் பார்த்தது. பிறகு சரிவைப் பார்த்தது. இரண்டையும் எடை போடுவது மாதிரி மாறி மாறிப் பார்த்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு பைக் படுவேகமாக இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் ஒரு தோட்டத்தின் சூப்பர்வைசர், மலையாளி. தன் ஆட்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க வந்தவர். நூறு பெண்கள் ஒரே குரலில் வேண்டாம் என்று சொல்வதற்குள், கட்டையைத் தாண்டி, பூனை போன கோட்டையும் தாண்டி, எங்கள் ஜீப்பின் முன்னால் வந்து நின்றார்.

அடுத்த நொடி அத்தனை இஞ்சினும் ஒரே நேரத்தில் உறுமின. சரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பூனை அந்தச் சத்தத்தில் ஒரு முழம் மேலே எழும்பியது. இறங்கியது சரிவில் அல்ல, என் தோளில். நாலு காலின் நகமும் சட்டையைத் தாண்டி உள்ளே போயின. தழும்பு இன்னும் இருக்கிறது. வலித்தது, ஆனால் அசையாமல் நின்றேன்.

சூப்பர்வைசருக்கு யாரோ விளக்கினார்கள். ஒன்பது ஜீப்பு, ஒரு லாரி, இத்தனைக்கும் உண்டான சகுனம் இப்போது அவர் தலையில் இருக்கிறது என்று கேட்டதும் பைக்கிலிருந்து இறங்கிவிட்டார். படித்தவர்தான். ஆனாலும் திரும்பிப் போக வண்டியை எடுக்கவில்லை. அந்த வாரம் தோட்டத்தில் மோட்டார் இரண்டு தடவை நின்றுபோயிருந்ததாம், இதற்கு மேல் என்ன வர வேண்டும் என்று தமிழும் மலையாளமுமாகப் புலம்பினார். எலி வயரைக் கடித்துவிடுகிறது, தண்ணீர் ஓஸையும் கடித்துவிடுகிறது, செடி காய்கிறது.

துண்டு கட்டிய அக்கா இதைக் கேட்டதும் ஜீப்பில் வைத்த காலைக் கீழே எடுத்தார்.

"சார், வீட்டுப் பூன குறுக்க போனா சகுனம் கெடையாது. வீட்டுல வளக்கிறது குறுக்க போகாம என்ன செய்யும், அடுப்படிக்கும் வாசலுக்கும்? ஊர்ப் பூன போனாத்தான் தோஷம்."

"அது யார்ட பூச்ச?"

"இந்தா நிக்கிதுல்ல தம்பி, இவன் பூன. இன்னும் எந்த வீட்டுப் பூனையுமில்ல. நீங்க தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனீகன்னா உங்க பூன."

சூப்பர்வைசர் என் தோளைப் பார்த்தார். பூனையை மட்டும் தரச் சொல்லிக் கையை நீட்டினார். அது காதை மடக்கி ஒரு சீறு சீறியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். அக்கா அந்த நேரத்துக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் வா" என்றார் சூப்பர்வைசர்.

அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து, பூனையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, நான் எழுத்துத் தெரியாத போர்டுகளைத் தாண்டிப் போனேன். அவருடைய ஆட்களோடு எங்கள் ஜீப் பின்னாலேயே வந்தது. வளைவுகளில் அதிலிருந்து கையாட்டினார்கள்.

மத்தியானம் முதலாளி போன் செய்தார். மலையில் இருக்கிறேன், பூனையும் இருக்கிறது என்றேன்.

"சரிப்பா. அந்தச் சாக்க மட்டும் இறங்குறப்ப கொண்டா. நல்ல சாக்கு" என்றார்.

அந்த நேரம் பூனை அதன் மேல்தான் படுத்திருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஓடைக்கரையில் தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகை. ஒரு கட்டில் போட இடம், கட்டில் இல்லை. ஏலம் காய வைக்கிற ஸ்டோர் மேட்டின் மறுபக்கம், காற்றுக்கு எதிர்த் திசையில். பூனை அன்று பொழுது சாய்வதற்குள் கொட்டகையின் நாலு மூலையையும் மோந்து, நாலு மூலையிலும் வாலைத் தூக்கிவிட்டது. அங்கே அதைக் கேட்க யாருமில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். கொட்டகையை நெருங்கும்போது பூனை ஓடையிலிருந்து ஒரு எலியைக் கவ்விக்கொண்டு அவர் பைக்கின் முன்னால் குறுக்காகப் போனது. பழக்க தோஷத்தில் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார். பிறகு நினைவு வந்தவராக, நம்முட பூச்சயல்லே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை விட்டார். சுவிட்ச் எது, எந்தச் சரிவுக்கு எந்த ஓஸ், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். சம்பளம் பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போது தண்ணீர் போகட்டும் என்றார்.

சுவிட்சைப் போட்டேன். ஓஸ் பாம்பு மாதிரி ஒரு தடவை நெளிந்து நிமிர்ந்தது. மேலே செடிகளுக்குள்ளிருந்து, தண்ணி வந்துருச்சு தம்பி என்று துண்டு கட்டிய அக்காவின் குரல் கேட்டது.