மண்கோட்டையில் ஒரு நீல மணி

வீரமுத்துவுக்குப் புதையல் பேச்சே ஆகாது. மலாயாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவரோடு வடிகால் கான் வெட்டியவர்கள், எவனோ ஒரு சீனத் தவுக்கே முதலாளி புதைத்து வைத்த வெள்ளியைப் பற்றிக் கதை அளந்தால் போதும், வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போய்விடுவார். காரணம் மனைவி செல்லத்துக்கு மட்டும் தெரியும்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே அவருடைய அப்பா சோளக்காட்டை உழுதபோது கொழுவில் ஒரு சட்டி தட்டுப்பட்டது. உள்ளே வெள்ளிக் காசுகள். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் பார்க்கும் ஓர் ஆணின் முகம். எடுப்பான மூக்கு, தலையில் இலைமாலை. அப்பா யாரிடமும் மூச்சு விடாமல் கொஞ்சத்தைத் தட்டாரிடம் கொடுத்து உருக்கினார். ஊர் வாய் சும்மா இருக்குமா? போலீஸ் வந்தது. சர்க்காருக்குச் சொல்லாமல் மறைத்தாரென்று ஜெயிலில் போட்டார்கள். இருமிக்கொண்டே வீடு திரும்பியவர் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. சட்டியைக் காத்த பூதம் காவு வாங்கிவிட்டது என்றது ஊர். அந்த வீட்டோடு சம்பந்தம் பேச ஆள் வரவில்லை. 1913-இல் வீரமுத்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். செல்லத்தைக் கண்டதும் கட்டியதும் தோட்டத்தில்தான்.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் இருவர் பெயரையும் தோட்டத்து ஆள் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். கூட இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். வீரமுத்து போக மறுத்தார். வேலை தேடிக் கோத்தா திங்கி டவுனுக்கு வந்தபோது, அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த சிக்கந்தர் ஒரு வழி சொன்னார். ஜொகூர் ஆற்றோரத்தில் ஒரு பழைய மண்கோட்டை இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து அதைத் தோண்டிப் பார்க்கிறார். மண் வெட்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம். சிக்கந்தர்தான் படகில் அரிசியும் கருவாடும் கொண்டுபோய்க் கொடுத்து, துரையின் இங்கிலீஷைத் தமிழாக்கியும் வந்தார்.

எதற்குத் தோண்டுகிறார் என்று வீரமுத்து கேட்டார். பழைய பானை ஓடு பொறுக்க, என்றார் சிக்கந்தர். ஓடுதானே என்று வீரமுத்து ஒத்துக்கொண்டார். செல்லம் கூலிகளுக்குச் சமைத்தாள்.

மழைவிட்ட ஒரு காலையில், கரியும் சிப்பியும் கலந்த கறுப்பு மண்ணைச் சாந்துக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, மீன்கொத்தி இறகின் நிறத்தில் ஏதோ மின்னியது. சுண்டுவிரல் நகத்தளவு கண்ணாடி மணி. நடுவில் துளை.

கூட வெட்டிக்கொண்டிருந்த லெட்சுமணன் எட்டிப் பார்த்தான். “மடியில போட்டுக்க அண்ணே. யாரு பார்த்தா? கோத்தா திங்கில வாங்க ஆளு இருக்கு லா.”

வீரமுத்து பின்னுக்கு நகர்ந்தார். கரண்டியைத் தூர வைத்தார். இரண்டு கைகளும் எல்லோருக்கும் தெரியும்படி முழங்கால்மேல் வைத்துக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

“போயி தொரையக் கூட்டிட்டு வா. நான் இதைத் தொடல. நீயும் தொடாத,” என்றார்.

துரை வந்தார். சேற்றையும் பாராமல் குப்புறப் படுத்து நெடுநேரம் பார்த்தார். எழுந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. இந்த மாதிரி மணிகளைக் கம்பத்து மலாய்க் கிராமத்தாரிடம் நிறைய வாங்கியிருக்கிறாராம்; எந்த மண்ணில், எதோடு கிடந்தவை என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லையாம். கிடந்த இடத்திலேயே அவர் கண்ணால் பார்க்கும் முதல் மணி இதுதானாம். “நீங்க தொடாம விட்டதுதான் பெரிய காரியம்னு சொல்றாரு,” என்றார் சிக்கந்தர். வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டார். தன்னுடையது வெறும் பயம் என்று அவருக்குத் தெரியும்.

மத்தியானம் கூடாரத்தில் துரை ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்து விளக்கினார். மேற்கே ரோமாபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கிருந்து மிளகுக்காகக் கப்பல்கள் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தன. அவர்கள் நாட்டுக் கண்ணாடி அங்கிருந்து கைமாறிக் கைமாறி இந்த ஆறுவரை வந்திருக்கலாம். அந்தக் கப்பல்கள் வந்ததற்குச் சாட்சி இது என்று ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

ஒரு வெள்ளிக் காசின் படம். பக்கவாட்டு முகம். எடுப்பான மூக்கு. இலைமாலை.

வீரமுத்து புத்தகத்தின்மேல் குனிந்தார். “இந்தாள எனக்குத் தெரியும் பாய்.”

வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் சிக்கந்தர் முதலில் நினைத்தார். பிறகு வீரமுத்து தன் அப்பாவின் கதையைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வாக்கியமாக மெதுவாக இங்கிலீஷில் மாற்றினார். துரை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். காசில் இருப்பவன் ரோமாபுரிச் சக்கரவர்த்தி, செத்து ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, என்றார். மிளகு விற்ற காசை யாரோ ஒரு வியாபாரி புதைத்துவிட்டு, திரும்பி எடுக்க வராமலே போயிருப்பான். கலெக்டரிடம் உடனே சொல்லியிருந்தால் கண்டெடுத்தவருக்குப் பங்கு கொடுக்கவே சட்டம் இருக்கிறது என்றும் சொன்னார்.

“அதை ஊர்ல யாரும் தமுக்கடிச்சுச் சொல்லலியா?” சிக்கந்தர் தானாகவே கேட்டார்.

“எங்க ஊருக்கு வரி கேக்கத்தான் ஆளு வரும், பாய்.”

அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து செல்லத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவள் குழம்பை இறக்கி வைத்தாள். “பூதம் இல்லேன்னா, மாமா செத்ததுக்கு யாரு பொறுப்பு?”

அவர் அணையப்போன விறகை உள்ளே தள்ளினார். இத்தனை வருஷம் பூதத்தைத் திட்டுவது சுலபமாக இருந்தது. செல்லம் சோற்றைப் போட்டாள்.

மறுநாளிலிருந்து வீரமுத்து வேறு ஆளாக வேலை செய்தார் என்று சொல்லிவிட முடியாது. மண்ணுக்குள் ஏதாவது மின்னினால் அப்போதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் துரையைக் கூப்பிட்டார். ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கறுப்பு மண்ணுக்குக் கீழே ஏன் மஞ்சள் மண், சீனப் பீங்கான் ஏன் மேலே மட்டும் கிடைக்கிறது என்ற கேள்விகளை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லியே சிக்கந்தருக்குத் தொண்டை வறண்டுபோகும்.

மணி லண்டனுக்குப் போனது. மாதக்கணக்கில் காத்திருந்தபின் வந்த பதிலில் பண்டிதர்கள் இரண்டு பட்டிருந்தார்கள். ரோமாபுரிக் கண்ணாடியேதான் என்றார் ஒருவர். இந்தியக் கரையில் பிற்காலத்தில் செய்தது என்றார் இன்னொருவர். எது சரியென்று எனக்கும் தெரியாது, இன்னும் பல இடங்களில் தோண்டினால்தான் தெரியும் என்று துரை ஒளிக்காமல் சொன்னார். வடக்கே கெடாவில் ஆற்றோரம் பழைய செங்கல் கட்டடங்கள் தென்படுகின்றனவாம். அங்கே வீரமுத்து கூலிகளுக்குத் தலைமையாக வருவாரா என்று கேட்டார்.

வீரமுத்து செல்லத்தைப் பார்த்தார். இந்தச் சமயத்தில் ரெங்கம் தோட்டத்தில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. பழைய லயத்து வீடும் கிடைக்கும்.

“கெடாவுக்கே போலாம்,” என்றாள் செல்லம். “ஆனா நான் சமைக்க வரமாட்டேன். மண்ணு சலிக்கிற வேலை குடுத்தா வர்றேன்னு சொல்லுங்க, பாய்.”

சிக்கந்தர் அதைத் துரையிடம் சொன்னார். சமையலுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று முனகிக்கொண்டே துரை சம்மதித்தார்.

ஜொகூர் பாருவில் ரயிலேறிக் கெடா போய்ச் சேர்ந்தார்கள். வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே செல்லம் சலித்த மண்ணில் பச்சைக் கண்ணாடிச் சில்லு ஒன்று அகப்பட்டது. அவள் அதை உள்ளங்கையில் வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். எந்தக் குழி மண் அது என்று வீரமுத்து ஓடிவந்து கேட்டார். மூன்றாவது குழி என்று சொல்லிவிட்டு, வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னாள்.