கடைசி அறையின் பேச்சு

வேலைத்தளத்தில் அவருக்கு 'நேர்கோடு' என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைக் கூப்பிட ஆளில்லை. பெரிய கட்டடங்களில் அறைக்கு அறை சூடு பார்த்துக் குளிர்காற்றைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டிகளுக்கு வயர் இழுப்பது அவர் தொழில். ஒரே வயர் ஒரு பெட்டிக்குள் நுழைந்து, வெளியே வந்து, அடுத்த பெட்டிக்குப் போகவேண்டும். நடுவில் கிளை பிரிந்தால் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவது குழம்பிவிடும். யாராவது அவசரத்தில் பிரித்துவிட்டால், "வயர் இழுக்கச் சொன்னா மரமா வளக்குற?" என்பார்.

அவரே ஒருநாள் மரம் வளர்த்தார்.

அப்போது வேலை நடந்த பழைய மருத்துவமனையின் மாடிக் கோடியில் துணி மடிக்கும் அறை. அவர் மனைவிக்கு அங்கேதான் வேலை. சலவையிலிருந்து சூடாக வந்து குவியும் விரிப்புகளை நின்றபடியே மடிக்கவேண்டும். கூரையில் காற்று வரும் வாய் உண்டு. அதைத் திறந்துவிடப் பெட்டிதான் இல்லை. போன வாரம் மயங்கி, மடித்த துணிமேலேயே சாய்ந்துவிட்டாள்.

"மெத்துன்னுதாங்க இருந்துச்சு. அடியெல்லாம் படல" என்று சிரித்தாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வேலையை மேற்பார்க்கும் இன்ஜினியர் பெண்ணிடம் போய்த் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, ஒரு பெட்டி மிச்சம் கிடக்கே."

"மாட்டுங்கண்ணா. ஆனா சாயங்காலம் மாடியை ஒப்படைக்கணும். எதாவது தகராறு பண்ணிச்சுன்னா கழட்டிடுவேன்."

கையிலிருந்த வயர் துண்டு குட்டை. பாதி வழியில் போகும் வயரில் ஒட்டுப்போட்டு இழுத்துவிட்டார். மதியத்துக்குள் இன்ஜினியர் பெண்ணின் கம்ப்யூட்டர் திரையில் பாதி அறைகள் வாயடைத்துப் போயின.

இன்ஜினியர் பெண் ஏணியில் ஏறிக் கூரைப் பலகையை விலக்கிப் பார்த்தாள். "யாருண்ணா இந்த மரத்தை நட்டது?"

"நான்தான். உங்க அண்ணிக்கு முடியலைன்னதும் மூளை வேலை செய்யல."

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு" என்று ஏணியை விட்டு இறங்கினாள்.

ஒட்டைப் பிரித்து, வயரை முன்போலச் சேர்த்தார். பிறகு மாடிப்படி ஓரம் இருந்த கடைசிப் பெட்டியிலிருந்து, நடைபாதைக் கூரைக்குள் முழுக்கத் தவழ்ந்து, துணி அறைக்குப் புது வயர் கொண்டுவந்தார். அதுவரை கடைசியாக இருந்த அந்தப் பெட்டியிலிருந்து அரிசி அளவு ரெசிஸ்டரைக் கழற்றி, துணி அறைப் பெட்டியில் மாட்டினார்.

"இத்தனூண்டு எதுக்குங்க?" என்றாள் மனைவி, துணி மடிப்பதை நிறுத்தாமல்.

"வரிசையில கடைசிக்கு இது வேணும். இல்லேன்னா பேச்சு முட்டித் திரும்பி வந்து, மத்த பேச்சைக் குழப்பும்."

"வீட்டுக்கும் ஒண்ணு கொண்டாங்க. சொன்னதையே சொல்றீங்கல்ல."

போன் அடித்தது. இன்ஜினியர் பெண். "அண்ணா, எல்லாரும் பேசுறாங்க. கடைசி அறையும் பேசுது."

"என்ன சொல்லுது?"

"ரொம்ப சூடா இருக்காம்."

"அதை நான் ரெண்டு மாசமா வீட்ல கேட்டுட்டு இருக்கேன்மா."

தலைக்குமேல் காற்று வாய் திறந்தது. மேசையிலிருந்த விரிப்பின் ஓரம் லேசாகத் தூக்கியது. அதைக் கையால் அமுக்கப் போன மனைவி, அமுக்காமல் முகத்தை அண்ணாந்து அப்படியே நின்றாள்.